எந்தப் பொறியியல் நுழைவுத் தேர்வு, எந்த வரிசையில் தயாரிப்பு: பிளஸ் டூ மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பலர் முதலில் புத்தகம் வாங்குகிறார்கள், அடுத்து கோச்சிங்கில் சேருகிறார்கள், ஏழெட்டு மாதம் கழித்துதான் எந்தத் தேர்வை எழுதுவது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழ். அதற்குள் பிளஸ் டூ மதிப்பெண்ணும் போய், நுழைவுத் தேர்வும் கைகூடாமல் நிற்கும் பிள்ளைகள் ஏராளம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பதினோராம் வகுப்பு முடியும் ஏப்ரலில் தொடங்குபவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். அதற்கு முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது.

1. நுழைவுத் தேர்வு உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. உள்ளிட்ட அண்ணா பல்கலைக்கழகத் துறைகள், அரசுக் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கவுன்சலிங் வழியாகவே நிரம்புகின்றன.

கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும். கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் தலா 50-ஆகச் சுருக்கப்படும். கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 88 என்றால் 92 + 43 + 44 = 179. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டில் கூடும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். இதை ஜூன் மாதத்திலேயே தெரிந்துகொண்டு படிப்பவருக்கும் பொதுத்தேர்வு முடிந்து அடுத்த மே மாதத்தில் தெரிந்துகொள்பவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. அப்படிப்பட்ட மாணவர் பிளஸ் டூவில் 10 மதிப்பெண் கூட்டுவது, அரைகுறையாக மூன்று நுழைவுத் தேர்வு எழுதுவதைவிடப் பல நேரம் நல்ல கல்லூரியைத் தரும்.

நீங்கள் விரும்பும் கல்லூரிகள் எல்லாமே டி.என்.இ.ஏ. பட்டியலில் இருந்தால், இங்கேயே நின்றுவிடலாம். பொதுத்தேர்வுதான் உங்கள் நுழைவுத் தேர்வு.

2. கல்லூரிப் பட்டியலை எழுதி, அதிலிருந்து தேர்வுக்கு வாருங்கள்

ஒரு தாளில் உண்மையாகவே சேரக்கூடிய ஆறு முதல் எட்டு கல்லூரிகளை எழுதுங்கள். கட்டணம் கட்ட முடியாத கல்லூரியை வீட்டில் பேசி இப்போதே அடித்துவிடுங்கள். கவுன்சலிங் நாளில் அந்தப் பேச்சு வந்தால் எல்லோருக்கும் வலிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது கேட்கும் தேர்வை எழுதுங்கள்.

என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்), ஐ.ஐ.ஐ.டி. (இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம்) என்றால் ஜே.இ.இ. மெயின் என்ற தேசிய அளவிலான தேர்வு. 75 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். ஒவ்வொரு பாடத்திலும் 20 கேள்விகள் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வதாகவும், 5 கேள்விகள் எண்ணை நாமே உள்ளிடுவதாகவும் இருக்கும். சரி என்றால் 4, தவறு என்றால் ஒன்று கழியும். ஜனவரி, ஏப்ரல் என இரு அமர்வுகள். இரண்டும் எழுதினால் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. பிளஸ் டூ எந்த மாநிலத்தில் தேறினீர்களோ அதுவே உங்கள் சொந்த மாநிலம், பிறந்த ஊர் அல்ல. பிளஸ் டூவை ஆந்திராவிலோ கேரளாவிலோ உள்ள விடுதிப் பள்ளியில் படித்துவிட்டு இதை மறந்துபோகிறவர்கள் உண்டு. ஐ.ஐ.டி.களிலும் காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்.மிலும் இப்படி ஒதுக்கீடு இல்லை.

ஐ.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. மெயினில் முன்னணியில் வரும் சுமார் இரண்டரை லட்சம் பேர்தான் இதை எழுத முடியும். ஒரே நாளில் 3 மணி நேரத் தாள்கள் இரண்டு, இரண்டும் கட்டாயம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே வாய்ப்பு.

பிட்ஸ் பிலானி என்ற தனியார் பல்கலைக்கழகம் என்றால் அதன் சொந்தத் தேர்வான பிட்சாட். 3 மணி நேரத்தில் 130 கேள்விகள், சரிக்கு 3, தவறுக்கு ஒன்று கழியும். மூன்று பாடங்களோடு ஆங்கிலமும் தர்க்கமும் உண்டு. மெயினில் ஒரு கேள்விக்கு 144 நொடி கிடைக்கிறது, இங்கே 83 நொடிதான். பாடம் ஏறக்குறைய ஒன்றே, வேகம் முற்றிலும் வேறு.

கட்டடக்கலை வேண்டுமென்றால் பாதையே வேறு: நாட்டா தேர்வு, என்.ஐ.டி.களுக்கு ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாள். பி.இ. தாளை எழுதிவிட்டு பி.ஆர்க். கேட்க முடியாது.

எங்கள் முடிவான கருத்து: ஒரு முதன்மைத் தேர்வு, ஒரு துணைத் தேர்வு, அதற்கு மேல் வேண்டாம். பெரும்பாலோருக்கு மெயின் முதன்மையாக இருப்பது நல்லது. அதற்குப் படித்தது பொதுத்தேர்வுக்கும் உதவும், மற்ற தேர்வுகளுக்கும் அடித்தளமாகும். ஐந்து விண்ணப்பம் போட்டவர் ஏப்ரல், மே முழுவதும் பயணத்திலேயே கழிக்கிறார்.

3. தகுதி விதியையும் சான்றிதழையும் முன்கூட்டியே முடியுங்கள்

என்.ஐ.டி.யில் சேர மெயின் ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதம், அல்லது உங்கள் வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலுக்குள் (தேறியவர்களில் மேல் 20 சதவீதத்தினருக்குள்) வந்திருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 65 சதவீதம். இந்தக் கணக்கில் மொழிப்பாடமும் சேரும். பிட்ஸுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 75, தனித்தனியே 60. தமிழையும் ஆங்கிலத்தையும் ஒதுக்கிவிட்டுப் படிப்பவர்கள் என்.ஐ.டி. விதியை இரண்டு முறை படியுங்கள்.

அடுத்து பெயர். தமிழ்நாட்டில் இனிஷியல் பெரும் தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். ஆதாரை அதற்கு ஏற்ப இப்போதே திருத்துங்கள். மெயின் விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர், நவம்பரில் திறக்கும். திருத்தத்தை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். தமிழ்நாடு அரசு தந்த பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் (இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில் வராதவர்) சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை, முதலில் அதைச் சரிபாருங்கள். கவுன்சலிங்கின்போது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கிய சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். ஜூனில் அலைந்தால் கிடைத்த இடம் பொதுப்பிரிவுக்கு மாறி, கைவிட்டுப் போகும்.

4. கேள்வித்தாள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்

மெயினைத் தமிழிலும் எழுதலாம். தமிழைத் தேர்ந்தால் திரையில் தமிழும் ஆங்கிலமும் வரும், ஆங்கிலத்தைத் தேர்ந்தால் ஆங்கிலம் மட்டும். தமிழ்வழியில் படித்தவர் தயங்காமல் தமிழையே எடுக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. அட்வான்ஸ்டு தேர்வில் தமிழ் இல்லை.

ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு சிறு நோட்டில் இணைச்சொற்களை எழுதி வாருங்கள்: முடுக்கம் என்றால் அக்சலரேஷன், நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமன்ட் ஆஃப் இனர்ஷியா, அணைவுச் சேர்மம் என்றால் காம்ப்ளக்ஸ். பாடத்துக்கு 100 சொல் இருந்தால் போதும்.

5. சிலபஸை வரிக்கு வரி ஒப்பிடுங்கள்

இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், மிச்சமாவது பல வாரங்கள். மெயின் சிலபஸை அச்செடுத்து, தமிழ்நாடு பாடநூல் பொருளடக்கத்தை அருகில் வைத்து மூன்று நிறத்தில் குறியுங்கள்: இரண்டிலும் உள்ளவை, மெயினில் மட்டும் உள்ளவை, பொதுத்தேர்வுக்கு மட்டும் உள்ளவை.

மெயின் சிலபஸ் 2024-இல் சுருக்கப்பட்டது. நம் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலின் முதல் பாடமான உலோகவியலும், புறப்பரப்பு வேதியியலும் மெயினுக்கு இப்போது தேவையில்லை. பதினோராம் வகுப்பின் ஹைட்ரஜன், கார உலோகங்கள் பாடங்களும், கணிதத் தொகுத்தறிதலும் அதேபோல் தேவையில்லை. கணிதத்தில் பகுதி வகைக்கெழுக்கள், தனிநிலைக் கணிதம் பொதுத்தேர்வுக்கு மட்டும். பழைய வழிகாட்டி நூலை அண்ணனிடமிருந்து வாங்கி வைத்திருப்பவர்கள் நீக்கப்பட்ட பாடங்களில் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அட்வான்ஸ்டுக்குத் தனி சிலபஸ் உண்டு, அதை இதோடு கலக்காதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. திட்டவிலக்கம், விலக்க வர்க்கச் சராசரி மெயினில் கேட்கிறார்கள். நமக்கு அது பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெர்னியர், திருகு அளவி ஆகியவற்றின் சுழிப்பிழைத் திருத்தம் செய்முறை வகுப்போடு மறந்துபோகும், அதிலிருந்தும் கேள்வி வரும்.

ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகின்றன. அதை ஓட்டமாக முடித்த பள்ளியில் படித்திருந்தால், கோடை விடுமுறை முழுவதையும் அதற்கே கொடுங்கள்.

6. பாடங்களைப் படிக்கும் வரிசை

பள்ளி நடத்தும் வரிசை இதற்குப் பொருந்தாது. இயற்பியலின் தொடக்கப் பாடங்களிலேயே வகையிடலும் தொகையிடலும் தேவைப்படும், கணித வகுப்பிலோ அவை பதினோராம் வகுப்பின் கடைசியில்தான் வரும். அதனால் முதல் இரண்டு வாரம் வெக்டர், வகையிடல், எளிய தொகையிடல், வரைபடம் வாசித்தல் ஆகியவற்றை மட்டும் செய்யுங்கள்.

பிறகு இயற்பியலில் இயக்கவியல், இயக்க விதிகள், வேலை–ஆற்றல், சுழற்சி, அலைவுகள் என்று போங்கள். வேலை–ஆற்றல் பிடிபடாமல் சுழற்சிக்குத் தாவினால் இரண்டும் நிற்காது. நிலை மின்னியல், மின்னோட்டம், காந்தவியல், மின்காந்தத் தூண்டல் இதே வரிசையில். ஒளியியலையும் அணுக்கரு இயற்பியலையும் இடையில் எங்கு வேண்டுமானாலும் செருகலாம்.

வேதியியலில் மோல் கருத்து, அணு அமைப்பு, வேதிப்பிணைப்பு முதலில். வேதிச்சமநிலை பதினொன்றிலும் அயனிச்சமநிலை பன்னிரண்டிலும் பிரிந்து கிடக்கின்றன, இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்துப் படியுங்கள். கரிம வேதியியலில் மின்னணு விளைவுகளைப் புரிந்துகொள்ளாமல் வினைகளை மனப்பாடம் செய்தால் ஒரு மாதத்தில் எல்லாம் கலைந்துவிடும். கனிம வேதியியலுக்கு மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள்.

கணிதத்தில் இருபடிச் சமன்பாடு, தொடர்கள், முக்கோணவியல் உறுதியான பிறகே மற்றவை. அணிகள், வெக்டர், முப்பரிமாண வடிவியல் மூன்றும் உழைப்புக்குச் சீக்கிரம் பலன் தருபவை.

7. ஒரு கணக்கை எப்படிப் போடுவது, பிழை நோட்டை எப்படி எழுதுவது

பொதுத்தேர்வு கேட்பது: மின்தேக்கியில் சேமிக்கப்படும் ஆற்றலுக்கான கோவையைத் தருவி. அதை எழுதத் தெரிந்த மாணவர் முன் இதை வையுங்கள். 2 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 100 வோல்ட்டுக்கு மின்னேற்றப்படுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்னூட்டம் இல்லாத இன்னொரு 2 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை அதன் குறுக்கே இணைக்கிறோம். இழந்த ஆற்றல் எவ்வளவு?

பலரும் ஆற்றல் மாறாது என்று எடுத்துக்கொண்டு புது மின்னழுத்தம் சுமார் 71 வோல்ட் என்று போய்விடுகிறார்கள், இழப்பு பூஜ்யம் என்கிறார்கள். இங்கே மாறாமல் இருப்பது மின்னூட்டம். தொடக்கத்தில் 200 மைக்ரோ கூலூம், அதுவே 4 மைக்ரோ ஃபாரட்டில் பரவ, மின்னழுத்தம் 50 வோல்ட். தொடக்க ஆற்றல் 0.01 ஜூல், முடிவில் 0.005 ஜூல். பாதி ஆற்றல் கம்பிகளில் வெப்பமாகவும், சிறு பங்கு கதிர்வீச்சாகவும் போய்விட்டது.

சூத்திரம் தெரிந்தும் தவறுவது இப்படித்தான். எது மாறாது என்ற கேள்வியைக் கேட்காமல் சூத்திரத்தில் எண்ணைப் போடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் சூத்திரத்துக்கு அடுத்து அது எப்போது பொருந்தும் என்ற ஒரு வரியையும் எழுதுங்கள்.

பிழை நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் நான்கு விஷயம் போதும்: பாடம், நான் செய்தது, காரணம், மீண்டும் போடும் தேதி. காரணத்தைக் கருத்து, கணக்கீடு, வாசிப்பு, நேரம் என்ற நான்கில் ஒன்றாகக் குறியுங்கள். மேலே உள்ளதற்கான பதிவு: ‘மின்தேக்கி. ஆற்றல் மாறாது என்று எடுத்தேன். கருத்து. பேட்டரி இல்லையென்றால் மின்னூட்டம் மாறாது. 10 நாள் கழித்து.’

‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள். அது எதையும் திருத்த உதவாது. குறியை விட்டதா, அலகை மாற்றவில்லையா, ‘தவறான கூற்று எது’ என்பதைச் ‘சரியான கூற்று’ என்று படித்தீர்களா என்று எழுதுங்கள்.

தீர்வைப் பார்ப்பதற்கு முன் ஒரு கணக்கில் குறைந்தது 10 நிமிடம் முயலுங்கள். காணொளியில் தீர்வைப் பார்த்துப் புரிந்ததும், வெறும் தாளில் தானே போட முடிவதும் ஒன்றல்ல.

8. மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு): எப்போது, எத்தனை

பாடம் முழுவதும் முடியட்டும் என்று காத்திருப்பது மிகப் பொதுவான தவறு. சிலபஸை ஒப்பிட்டு முடித்த வாரமே முந்தைய ஆண்டுத் தாள் ஒன்றை 3 மணி நேரம் எழுதிப் பாருங்கள். 40 மதிப்பெண் வந்தாலும் பரவாயில்லை, எந்த வகைக் கேள்வி என்று கண் பழகும். அக்டோபரிலிருந்து வாரத்துக்கு ஒன்று, டிசம்பரில் வாரத்துக்கு இரண்டு. எழுதிய அதே அளவு நேரத்தை ஆராய்வதற்கும் கொடுங்கள். மெயின் காலை 9 முதல் 12 வரையும், மாலை 3 முதல் 6 வரையும் நடக்கும். மதியம் தூங்கும் பழக்கம் இருந்தால் மாலை நேர மாக்கும் எழுதிப் பழகுங்கள்.

நெகட்டிவ் மார்க்கைப் பயந்தும் அணுக வேண்டாம், துணிந்தும் அணுக வேண்டாம், கணக்காக அணுகுங்கள். மெயினில் நான்கு விடைகளில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண், பெரிய பயன் இல்லை. ஒரு விடையை உறுதியாக நீக்கினால் 0.67, இரண்டை நீக்கினால் 1.5. ஆகவே விதி இது: இரண்டை நீக்க முடிந்தால் குறியுங்கள், இல்லையேல் விடுங்கள். எண் உள்ளிடும் கேள்வியில் ஊகம் வேண்டவே வேண்டாம், அங்கும் ஒன்று கழியும். பிட்சாட்டில் கண்மூடி ஊகித்தால் சராசரி சரியாகப் பூஜ்யம்.

50 கேள்விக்குப் பதிலளித்து 40 சரி என்றால் 150. 45-க்குப் பதிலளித்து அதே 40 சரி என்றால் 155. விட்ட ஐந்து கேள்விக்கு ஐந்து மதிப்பெண்.

மதிப்பெண்ணைவிட பெர்சன்டைல் முக்கியம், ஏனென்றால் வெவ்வேறு ஷிஃப்ட்டுகளின் கடினத்தை அதைக் கொண்டுதான் சமன்செய்கிறார்கள். 10 லட்சம் பேர் எழுதும்போது 99 பெர்சன்டைல் என்றால் உங்களுக்கு முன்னால் சுமார் 10,000 பேர். 97 என்றால் 30,000. இந்த இரண்டு புள்ளி வித்தியாசம் சிறிதாகத் தெரியும், கல்லூரிப் பட்டியலே மாறிவிடும்.

9. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை

ஜனவரி அமர்வுக்கு முந்தைய மூன்று வாரம் புதுப் பாடம் எதையும் தொடாதீர்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. இந்த இரண்டு மாதம் பொதுத்தேர்வே முதன்மை. மெயினுக்குத் தினமும் 45 நிமிடம், பிழை நோட்டிலிருந்து ஐந்தாறு கணக்கு மட்டும்.

பொதுத்தேர்வு முடிந்ததும் ஏப்ரல் அமர்வு நெருக்கமாக வரும். அந்த நாட்களில் மூன்று அல்லது நான்கு முழு மாக், மீதி நேரம் பிழை நோட்டு. ஜனவரியில் நன்றாக வந்தவரும் ஏப்ரலில் எழுதுங்கள், குறைந்தால் பாதிப்பு இல்லை.

10. தேர்வறைக்குள்

வேதியியல் 40 நிமிடம், இயற்பியல் 55, கணிதம் 75, மறுபார்வைக்கு 10. வேதியியல் பெரும்பாலும் தெரிந்தால் தெரியும், இல்லையேல் இல்லை என்பதால் அதில் தொடங்குவது நேரத்தைக் காக்கும். கணிதத்தில் தொடங்குபவர்கள் ஒரு பெரிய கணக்கில் 15 நிமிடம் சிக்கி, மீதி இரண்டையும் பதற்றத்தோடு போடுகிறார்கள். ஒரு கேள்வியில் 3 நிமிடம் கடந்தால் விட்டுவிட்டு நகருங்கள்.

விடையைத் தொட்டதும் ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ அழுத்துங்கள். அழுத்தாமல் பக்கத்தில் உள்ள வேறு கேள்வி எண்ணைத் தொட்டால் விடை பதிவாகாது. விடையளித்து மறுபார்வைக்குக் குறித்தது கணக்கில் சேரும். கால்குலேட்டர் கிடையாது, அதனால் வீட்டிலும் செல்போனில் பெருக்கிப் பழகாதீர்கள். எண் விடையை அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றச் சொல்வார்கள். விடை ‘இத்தனை × 10⁻³’ என்று கேட்டிருந்தால் 0.005 ஜூலுக்கு 5 என்றுதான் உள்ளிட வேண்டும். ரஃப் ஷீட்டில் கேள்வி எண்ணை எழுதிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது தேடவேண்டாம்.

11. தேர்வுக்குப் பிறகு

உங்கள் விடைத்தாளும் தற்காலிக விடைக்குறிப்பும் இணையத்தில் வந்ததும் இரண்டையும் இறக்கிச் சேமித்துவிடுங்கள். குறிப்பில் பிழை உறுதி என்றால் மட்டும் கட்டணம் கட்டி ஆட்சேபியுங்கள்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான ஜோசா கவுன்சலிங்கில் சாய்ஸ் பட்டியலைக் கிடைக்கும் வாய்ப்பை வைத்து அடுக்காதீர்கள், விருப்பத்தை வைத்து அடுக்குங்கள். கணினி மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டதால் அடுத்தது கைநழுவாது. மெயின் முடிவுக்காகக் காத்திருக்காமல் டி.என்.இ.ஏ. பதிவையும் அதன் கடைசித் தேதிக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு கவுன்சலிங்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடக்கும். மூலச் சான்றிதழ்களை ஒரு கல்லூரியில் கொடுப்பதற்கு முன், மற்றதில் உங்கள் சுற்று எப்போது வருகிறது என்று தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.